‘வெளியேறியது’ என்று திரை சொன்ன நான்கு பம்புகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்தது. ஆட்களின் பெயரோ இடத்தின் பெயரோ வராது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டோம். கருவிகளுக்கு ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தன் எண்ணைச் சொல்லும் பட்டை) ஒட்டி, கதவுகளில் அதைப் படிக்கும் ரீடர் பொருத்திய குழுவில் நானும் இருந்தேன். ஆகவே கீழே வரும் தவறுகளில் சில என்னுடையவை.

தீர்க்க வேண்டிய பிரச்சினை இன்ஃபியூஷன் பம்ப். ரத்தக்குழாய் வழியாக மருந்தை அளந்து ஏற்றும் சின்னக் கருவி அது. கணக்கில் நிறைய இருக்கும், தேவைப்படும்போது ஒன்றுகூடக் கிடைக்காது. திருட்டெல்லாம் பெரிதாக இல்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வேண்டுமே என்று ஒரு நர்ஸ் இரண்டை அலமாரியில் எடுத்து வைப்பார். நோயாளியை வேறு தளத்துக்கு மாற்றும்போது பம்பும் கூடவே போகும், திரும்பி வராது. பயோமெடிக்கல் பிரிவு ஆட்கள் சர்வீஸுக்கு எடுத்துப் போனதை வார்டில் யாரும் குறித்திருக்க மாட்டார்கள். கருவி எங்கே இருக்கிறது என்பது எப்போதும் யாரோ ஒருவருக்குத் தெரியும், ஆனால் அந்த ஒருவர் டியூட்டி முடிந்து போயிருப்பார்.

நிர்வாகம் கேட்டது ஒரே வரிதான்: “ஒவ்வொரு பம்பும் எங்கே இருக்கிறது என்று திரையில் தெரிய வேண்டும்.” நாங்கள் ‘சரி’ என்றோம். அந்தச் சரியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

என்ன பொருத்தினோம், ஏன்

தேர்ந்தெடுத்தது பேட்டரி இல்லாத யூஎச்எஃப் (மிகை உயர் அதிர்வெண்) டேக். நாட்டுக்கு நாடு மாறும் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் வகை. விரல் நீளப் பட்டையில் ஒரு ஆன்டெனா, நடுவில் கடுகைவிடச் சின்ன சிப். அதற்குச் சொந்தமாக ஆற்றல் கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொண்டு விழிக்கும். அதே அலையைக் கூட்டிக் குறைத்துத் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்லும். பெரும்பாலும் 96 பிட் நீளமுள்ள ஒரு எண், அவ்வளவுதான். திருப்பி அனுப்பும் அலையாலேயே செய்தி சொல்ல முடியும் என்பதை ஹாரி ஸ்டாக்மன் 1948-லேயே எழுதிவிட்டார். அதைச் சில்லறைச் செலவில் செய்ய சிப் வர வேண்டியிருந்தது.

தான் எங்கே இருக்கிறோம் என்பது டேக்குக்குத் தெரியாது. ஜிபிஎஸ் வேண்டுமானால் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களின் மெலிந்த சிக்னலைக் கேட்டுக் கணக்குப் போட வேண்டும். அதற்கு பேட்டரி வேண்டும், தலைக்கு மேல் திறந்த வானம் வேண்டும். கூரைக்குக் கீழே நிற்கும், பேட்டரியே இல்லாத ஒரு பட்டையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால் இடம் தெரிந்தது ரீடருக்குத்தான். அதாவது, ரீடரை எங்கே திருகி மாட்டினோம் என்று நாங்கள் கணினியில் எழுதி வைத்ததுதான் அந்த ‘இடம்’.

ரீடர்களை வார்டுக் கதவுகள், ஸ்டோர் வாசல்கள், முன்வாசல், பின்வாசல் ஆகிய இடங்களில் மட்டும் வைத்தோம். படுக்கைகளுக்குப் பக்கத்தில் வைக்காததற்குக் காரணம் உண்டு. 2008-ல் நெதர்லாந்தில் 41 மருத்துவக் கருவிகளின் அருகே ஆர்எஃப்ஐடி சாதனங்களை இயக்கிப் பார்த்தார்கள். 123 சோதனைகளில் 34 முறை கருவிகளின் வேலையில் குறுக்கீடு வந்தது. ஐசியூ பக்கம் ஆன்டெனாவைத் திருப்ப எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

சர்வீஸ் லிஃப்டை விட்டுவிட்டோம். உள்ளே முழுக்க எஃகு. அலை எதிரொலித்துக்கொண்டே இருக்கும், சரியாகப் படிக்காது என்பது வாதம். வாதம் சரிதான். ஆனால் கட்டடத்தில் பம்புகள் அதிகம் பயணம் செய்த வழி அதுதான்.

பச்சைப் புள்ளி

மென்பொருளில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வரைபடம். ஒரு பம்பை எந்தக் கதவு ரீடர் கடைசியாகப் பார்த்ததோ, அந்த அறையின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. செயல்விளக்கத்தன்று கைத்தட்டல் கிடைத்தது.

எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது, வாய் திறக்கவில்லை. ‘காலை 9.12-க்கு இந்தக் கதவருகே பார்த்தேன்’ என்று ரீடர் சொன்னதை ‘இந்த அறையின் நடுவில் இருக்கிறது’ என்று படம் மாற்றிச் சொன்னது. 9.12-க்கும் இந்த நொடிக்கும் இடையில் என்ன நடந்தது என்பது புள்ளியில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முந்தைய புள்ளியும் ஐந்து நாளுக்கு முந்தைய புள்ளியும் ஒரே பச்சையில் மின்னின.

முதல் சறுக்கல்

பயன்பாட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், ஓர் இரவு. ஒரு வார்டில் உடனே பம்ப் தேவைப்பட்டது. இரண்டாம் தளத்தில் ஒரு அறையில் இரண்டு சும்மா இருப்பதாகத் திரை காட்டியது. உதவியாளர் போனார், அறையில் எதுவும் இல்லை. வார்டுக்கு போன் செய்தார். “இருக்குதுன்னு காட்டுதே, நல்லாப் பாருங்க” என்று பதில் வந்தது. கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்குள் என்று நாற்பது நிமிடம் போனது. பம்ப் இரண்டும் அன்று மாலையே சர்வீஸ் லிஃப்டில் மேலே போயிருந்தன.

அந்த நாற்பது நிமிடமும் நர்ஸ் டிரிப்ஸைக் கையால் ஓட்டினார். மணிக்கு 100 மில்லி ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணி, உருளையைத் திருகி, மறுபடி எண்ண வேண்டும். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரை இல்லாத காலமாக இருந்தால் உதவியாளர் வெறும் அறையைப் பார்த்ததும் அடுத்த வார்டுக்குப் போயிருப்பார், பத்து நிமிடத்தில் ஒன்று கிடைத்திருக்கும். புள்ளியை நம்பியதால் வந்த தாமதம் இது.

நாங்கள் இதை ‘பயனாளர் பயிற்சிக் குறைவு’ என்று எழுதி மூடினோம். இன்றும் அந்த வரியைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

பின்வாசல்

சில வாரம் கழித்து ஒரு காலை, நான்கு பம்புகளுக்கு எதிரே திரையில் ‘வெளியேறியது – பின்வாசல் – 02:10’ என்று சிவப்பில் வந்திருந்தது. எண்ணிப் பார்த்ததில் இல்லாதவை ஆறு. மற்ற இரண்டும் மூன்றாம் தளத்தில் இருப்பதாகவே திரை சொன்னது, அங்கேயும் இல்லை.

செக்யூரிட்டி பிரிவு கதவுப் பதிவைப் பார்த்தது. 02:14-க்கு ஒரு பயோமெடிக்கல் டெக்னீஷியனின் அடையாள அட்டை பின்வாசலில் தட்டப்பட்டிருந்தது. 02:25-க்கு உள்ளே வந்திருக்கிறார். பம்ப் வெளியேறியது 02:10, ஆள் வெளியேறியது 02:14. இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் கதை தானாக எழுதிக்கொண்டது.

டெக்னீஷியன் சொன்னது இது: பயோமெடிக்கல் ஸ்டோரில் இடமில்லாததால் ஆறு பம்புகளை எஃகு டிராலியில் ஏற்றிப் பின்வாசலை ஒட்டிய பழைய கருவி அறையில் நிறுத்தினார். அப்புறம் காற்று வாங்க வெளியே போய் வந்தார். காலையில் ஷிஃப்ட் மாறும்போது இதை யாரிடமும் சொல்லவில்லை. “நான் கொண்டு போகவே இல்லை சார், அங்கதான் வச்சேன்” என்றார். அறையைத் திறந்து பார்த்தால் காலி. விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள், இரவு டியூட்டியிலிருந்து எடுத்தார்கள்.

நான்காம் நாள் மாலை ஆறு பம்புகளும் மூன்றாம் தள வார்டுக் கதவு வழியாக உள்ளே வந்ததாகத் திரை காட்டியது. காலை ஷிஃப்ட் ஊழியர் ஒருவர் அந்த டிராலியை சர்வீஸ் லிஃப்டில் அடித்தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே அளவு சரிபார்ப்பு முடிந்து திரும்பியிருக்கின்றன. அடித்தளத்தில் ரீடர் இல்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் ஆறு பம்புகளின் வரிசை எண்ணும் தேதியும் பேனாவில் எழுதப்பட்டிருந்தன. நான்கு நாளும் அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் திரைதான் ‘வெளியேறியது’ என்று சொல்லிவிட்டதே.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. “இரவில் வெளியே போனது, பயந்து காலையில் திரும்ப வந்துவிட்டது” என்று ஒரு பேச்சு கிளம்பியது. நோட்டில் பதிவு காலை ஒன்பதரைக்குத்தான். இரவு 02:10-க்குத் திரை சொன்னதை நோட்டால் மறுக்க முடியாது.

பதிவுகளைப் படித்தது

ஐந்தாம் நாள் எங்களை அழைத்தார்கள். ரீடர் எடுக்கும் ஒவ்வொரு வாசிப்பும் ஏழு நாள் வரை தனியாக இருக்கும், பிறகு தானாக அழியும். இன்னும் மூன்று நாள் போயிருந்தால் இந்த ஆய்வையே எழுதியிருக்க முடியாது.

திரைக்கு வந்த பதிவு ஒன்று, அதற்கு அடியில் இருந்த மூல வாசிப்புகள் வேறு. ஒரே டேக்கை ஒரே ரீடர் திரும்பத் திரும்பப் பார்த்தால் முதல் முறையை மட்டும் வைத்துக்கொள் என்று மென்பொருளுக்கு நாங்களே சொல்லியிருந்தோம். ரீடர் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான வாசிப்புகளை எடுக்கக்கூடியது என்பதால் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் வடிகட்டியதில் கதை போய்விட்டது.

ஒரு பம்ப் வாசலைக் கடக்கும்போது சிக்னல் வலிமை ஒரு மேடு போல ஏறி இறங்கும். அதை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள்; மைனஸுக்குப் பிறகு வரும் எண் சிறிதானால் சிக்னல் வலுவானது. வேறொரு நாளின் உதாரணம்: மைனஸ் 66, 58, 51, 49, 55, 64 டிபிஎம், இரண்டு மூன்று நொடியில் முடிந்தது. அந்த இரவின் பதிவில் மேடே இல்லை. மைனஸ் 68, 69, 68, பிறகு சில நிமிடம் ஒன்றுமில்லை, மறுபடி 68. எல்லாம் ஒரே ஆன்டெனாவில், மங்கலாக. 02:10-க்குத் தொடங்கி காலை 8:50 வரை இப்படியே மினுக்கியது. வெளியே போன பம்பை வாசல் ரீடர் எப்படி ஆறரை மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கும்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஆறு பம்புகளைத் தள்ளிக்கொண்டு அந்த ஒடுக்கமான வாசலைக் கடந்திருந்தால் ஆறும் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். பதிவானது நான்குதான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

செய்து பார்த்தது

பதிவு போதாது, நேரில் காட்டுங்கள் என்றார் நிர்வாகி. அதே அறை, அதே டிராலி, அதே ஆறு பம்ப். ஆன்டெனாவுக்கும் டிராலிக்கும் இடையே நான்கு மீட்டர் இருக்கும், நடுவில் ஜிப்சம் பலகைச் சுவர். டிராலியை நிறுத்திவிட்டு மடிக்கணினியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நிர்வாகியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

டெக்னீஷியனை அழைத்து அன்று எப்படி நிறுத்தினாரோ அப்படியே நிறுத்தச் சொன்னோம். அவர் டிராலியைச் சுவரோரம் சாய்வாகத் தள்ளினார். பிறகு இரும்பு அலமாரியின் கதவைப் பாதி திறந்தார். அன்று அதிலிருந்து வயர் எடுத்தாராம், மூடவில்லை. திரையில் ஒரு வரி துள்ளியது: மைனஸ் 67. அடுத்து இன்னொரு டேக். டிராலியை ஒரு சாண் நகர்த்தினேன், போய்விட்டது. இன்னொரு சாண், திரும்ப வந்தது. அலமாரிக் கதவை மூடினால் எல்லாமே மறைந்தது.

காரணம் எளிது. இந்த அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 33 முதல் 35 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் இரும்பில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் சேர்ந்து வலுக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். அந்த மேடும் பள்ளமும் அரை அலைநீளம், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் மாறி மாறி வரும். ஜிப்சம் பலகை ரேடியோ அலையைப் பெரிதாகத் தடுக்காது. கண்ணுக்குச் சுவர், அலைக்குத் திரைச்சீலை. சலைன் பை மாதிரி தண்ணீர் நிறைந்த பொருளோ மனித உடம்போ குறுக்கே வந்தால் அலையை உறிஞ்சிக்கொள்ளும். ஆறில் இரண்டு டேக் ஏன் கடைசிவரை தெரியவில்லை என்றால், அவை டிராலியின் எஃகுத் தட்டுக்குப் பின்னால் இருந்தன.

கடிதம் அன்று மாலையே திரும்பப் பெறப்பட்டது.

எடுத்த முடிவுகள்

முதலில் சொற்களை மாற்றினோம். ‘வெளியேறியது’ போய், ‘பின்வாசல் ரீடர் பார்த்தது’ வந்தது. பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டோம். இப்போது எழுத்தில் ஒரு வரி: ‘கடைசியாகப் பார்த்தது: மூன்றாம் தளக் கதவு, 42 நிமிடம் முன்பு.’ பழையதாகிப்போன பதிவு சாம்பல் நிறத்துக்கு மாறும். நிர்வாகிக்கு இது பிடிக்கவில்லை, வரைபடம் அழகாக இருந்தது என்றார். நர்ஸ்களுக்குப் பிடித்தது.

பின்வாசல் ரீடரின் ஆற்றலை 30 டிபிஎம்-லிருந்து 24-க்கு இறக்கினோம். ஒரு வாட் கால் வாட் ஆனது. ஆற்றல் நான்கில் ஒன்றானால் படிக்கும் தூரம் தோராயமாகப் பாதியாகும். ஆன்டெனாவைத் தரையை நோக்கிச் சாய்த்தோம், பழைய அறைப் பக்கச் சுவரில் உலோக வலை வைத்தோம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஆன்டெனா. இரண்டிலும் வரிசையாக மேடு தெரிந்தால் மட்டுமே ‘கடந்தது’ என்று பதிவாகும். இதற்கு ஒரு விலையும் உண்டு: வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும் சில பம்புகள் இனித் தவறும். தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம். ஒருவர்மேல் பழி விழுவதைவிட ஒரு பதிவு விடுபடுவது மேல் என்பது என் கருத்து. குழுவில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு ரீடருக்கும் எதிரே சுவரில் ஒரு நிரந்தர டேக் ஒட்டினோம். அது தெரியாமல் போனால் ரீடருக்கே கோளாறு என்று அர்த்தம். தேடுவதற்குக் கையடக்க ரீடர் வாங்கினோம். கதவுப் பதிவு ‘இந்தப் பக்கம்’ என்று சொல்லும். அலமாரிக்குள் இருப்பதைக் கையில் பிடித்த ரீடர் அருகே போகப் போகக் கூடும் ‘பீப்’ ஒலியால் கண்டுபிடிக்கும்.

எல்லாவற்றையும் அல்ட்ரா வைட்பேண்டுக்கு மாற்றலாமா என்ற பேச்சும் வந்தது. அலை போய்ச் சேரும் நேரத்தை அளந்து தூரம் சொல்லும் முறை அது. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்த நுணுக்கத்தில் நேரத்தை அளக்க முடிந்தால் சில பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் கிடைக்கும், அதைத்தான் உண்மையில் ‘இடம் கண்டறிதல்’ என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு பம்பிலும் பேட்டரி, ஒவ்வொரு அறையிலும் பல நிலையங்கள். பம்புக்கு அது வேண்டாம் என்று முடிவானது. அவசரத்துக்குத் தேவைப்படும் சில வென்டிலேட்டர்களுக்கு மட்டும் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

அட்டை பற்றி வந்த கேள்வி

விளக்கக் கூட்டத்தில் ஒரு மூத்த நர்ஸ் எழுந்து கேட்டார்: “அப்போ நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போறேன்னும் தெரியுமா சார்?”

‘தெரியாது’ என்று சொல்ல வாயெடுத்தேன். அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை, சில சென்டிமீட்டர் கிட்டே காட்டினால்தான் படிக்கும், வாசல் ரீடர்களின் அலைவரிசைக்கு அது பதிலே சொல்லாது. இதெல்லாம் உண்மை. ஆனால் தட்டிய கதவுகளின் பட்டியலும் நேரமும் சேர்ந்தால் அதுவே ஒரு நடமாட்டப் பதிவுதான். அதைவிட முக்கியமானது, டெக்னீஷியனை நாங்கள் ‘பின்தொடர்ந்தது’ அட்டையால் மட்டும் இல்லை, பம்பாலும்தான். டேக் ஒட்டியது கருவிக்கு. கருவியைத் தள்ளுவது ஆள். டியூட்டிப் பட்டியலோடு சேர்த்தால் எந்த இரவு யார் எந்தக் கதவைக் கடந்தார் என்று எழுதிவிடலாம், சரியாகவோ தப்பாகவோ.

அதையே சொன்னேன். கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு வந்த விதிகள்: அட்டைப் பதிவையும் கருவிப் பதிவையும் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் சேர்த்துப் பார்க்கக் கூடாது; கருவிப் பதிவு 30 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது; புகார் வந்தால் மூல வாசிப்புகளை அன்றே தனியே எடுத்து வைக்க வேண்டும்; திரைப் பதிவை மட்டும் வைத்து யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது.

பின்பு

தேடும் நேரம் குறைந்ததாக வார்டுகளில் சொல்கிறார்கள். நாங்கள் அளந்து பார்க்கவில்லை, அதனால் எண் தர முடியாது. அலமாரியில் ஒளித்து வைப்பது நிற்கவில்லை. கையடக்க ரீடரோடு உதவியாளர் வருவது தெரிந்தால் மட்டும் அலமாரி தானாகத் திறக்கிறது. பின்வாசலில் பொய்ப் பதிவு அதன்பிறகு ஒருமுறை வந்தது, ஒரு நாள் மழைக்காகப் பெரிய உலோகப் பலகையை அங்கே சாய்த்து வைத்தபோது. இந்த முறை யாரும் செக்யூரிட்டியைக் கூப்பிடவில்லை, முதலில் மூல வாசிப்பைப் பார்த்தார்கள்.

டெக்னீஷியனுக்கு இரவு டியூட்டி திரும்பக் கிடைத்தது. அவர் பகல் போதும் என்றுவிட்டார்.

மறுபடி செய்தால்

ரீடர் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பம்புகளின் பின்னாலேயே நடப்பேன். சர்வீஸ் லிஃப்ட் முதல் நாளே தெரிந்திருக்கும். லிஃப்டுக்குள் வேண்டாம், ஒவ்வொரு தளத்திலும் அதன் வாசலுக்கு எதிரே ஒரு ரீடர் போதும். இன்றுவரை இரண்டு தளத்தில்தான் அது வந்திருக்கிறது. மீதிக்குப் பணம் கேட்டு எழுதியிருக்கிறோம்.

‘எங்கே இருக்கிறது’ என்று கேட்கும் நிர்வாகியிடம், ‘எங்கே, எப்போது பார்த்தோம் என்று சொல்ல முடியும், அது போதுமா’ என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பேன். மென்பொருளில் வினைச்சொற்களை நானே உட்கார்ந்து எழுதுவேன். அடித்தள நோட்டைக் கணினியோடு இணைப்பேன், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

பழைய கருவி அறையில் அந்த இரும்பு அலமாரி இன்னும் இருக்கிறது. அதன் கதவில் யாரோ மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: ‘மூடி வைக்கவும்.’